காரைக்காலம்மையார் சரித்திரம்

சிவமயம்

அறுபத்துமூன்று நாயன்மார்களுள்ளே பெண்பாலார் மூவர். மங்கையர்க்கரசியார் பாண்டிநாட்டிலே சைவத்தை நிலைநிறுத்திய அரசியார். இசைஞானியார் சுந்தரமூர்த்தி நாயனாரைப் பெற்ற தாயார். காரைக்காலம்மையாரோ அரசியாரல்லர், நாயனாரொருவரை ஈன்றெடுத்தவருமல்லர். வணிகர்குலத்திற் பிறந்து, இல்லறம் நடாத்தி, கணவனாற் கைவிடப்பட்டு, பின்பு தாம் பாடிய பாட்டினாலே திருமுறையில் இடம்பெற்றவர். மூவருள்ளும் நூல் செய்தவர் இவரொருவரே. சைவத் திருமுறை பன்னிரண்டனுள்ளும் பெண்மொழியாய் நமக்குக் கிடைத்திருப்பன இவ்வம்மையாருடைய பாடல்களே.

இச்சரித்திரம் நமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகின்றது. மாங்கனி வந்த அற்புதத்தைச் சொல்லி, தலையினால் நடந்து கயிலையடைந்ததைச் சொல்லி, குருபூசை நாளைச் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகின்றோம். யானும் பல்லாண்டு அவ்வாறே செய்துவந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவியொருத்தி எழுந்து, கணவன் விட்டுப்போதற்கு அம்மையார் செய்த குற்றம் யாதென்று வினாவினாள். குற்றமொன்றுமில்லை என்றேன். குற்றமில்லாதிருந்தும் தண்டம் ஏன் வந்தது என்பது அவளது அடுத்த வினா. அன்று விடை கூறமாட்டாது மணியோசையைக் காரணமாகக்கொண்டு வகுப்பை விட்டகன்றேன். இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்திச் சொல்லும் விடையேயாம்.

பிறப்பும் இல்வாழ்வும்

காரைக்கால் சோழநாட்டின் கீழைக் கடற்கரையிலுள்ள துறைமுகப் பட்டினம். 1739 ஆம் ஆண்டு முதலாகப் பிரெஞ்சுக்காரர் வசத்திலிருந்து, இப்பொழுது புதுச்சேரி ஆட்சிப்பகுதியின் ஒரு கூறாக விளங்குவது. பண்டைக்காலத்திலே மரக்கலங்களால் வாணிகஞ்செய்த வணிகர் பலர் அங்கே வாழ்ந்தனர். அவர்களுக்குத் தலைவனாகிய தனதத்தனுக்கு ஏக புத்திரியாய் அவதரித்தவர் புனிதவதியார். அம்மையார் வாழ்ந்த காலம் ஏறக்குறையக் கி. பி. 6 ஆம் நூற்றாண்டென்பர் ஆராய்ச்சியாளர். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாருக்கு முற்பட்டவர் என்பதில் ஐயமில்லை.

புனிதவதியார் மழலை பேசுங் காலந்தொட்டே சிவபெருமானிடத்து அன்புடையராய் வளர்ந்தார். மணப்பருவம் எய்தியபோது, நாகபட்டினத்து வணிகனாகிய நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரை விவாகஞ்செய்து கொடுத்தனர். ஒரே மகளைப் பிரிந்திருக்க மனம்பொறாத தனதத்தன் அவர்களுக்குக் காரைக்காலிலே தனிமனை அமைத்துப் பெரும்பொருளுங் கொடுத்தான். பரமதத்தன் வாணிகத்தைப் பெருக்கினான். புனிதவதியார் சிவனடியார்க்கு அமுதும் பொன்னும் துகிலும் வேண்டுமாறு வழங்கி இல்லறத்தை இனிது நடாத்தினார்.

மாங்கனி

ஒருநாள் பரமதத்தனிடம் வந்த சிலர் இரண்டு மாங்கனிகளைக் கொடுத்தனர். அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பினான். அச்சமயம் சிவனடியாரொருவர் பசியோடு வந்தார். அன்னம் பக்குவமாயிருந்தது, கறியமுது இன்னும் ஆகவில்லை. அம்மையார் அன்னத்தோடு ஒரு கனியையும் படைத்து அவரை உண்பித்தார். நண்பகலில் வந்த கணவன் மற்றைக் கனியை உண்டு, அதன் சுவையில் மகிழ்ந்து, எஞ்சிய கனியையும் இடுமாறு கேட்டான். அம்மையார் உள்ளே சென்று மெய்ம்மறந்து இறைவனை நினைந்தார். ஒரு கனி அவர் கையில் வந்தது. அதனை உண்டவன் அதன் சுவை முன்னையதினும் வேறாயிருத்தலைக் கண்டு, எங்கே பெற்றதென வினாவினான்.

இவ்விடத்திலே ஆசிரியர் சற்று நின்று மாணாக்கருக்கு ஒன்றை விளக்கல் வேண்டும். இறைவன் அருளிய இரகசியத்தை வெளியிடலாமோ என்று அம்மையார் தயங்கினார். கணவனுக்குப் பொய்யுரைக்கவும் அவரால் இயலவில்லை. இரண்டையும் எண்ணிப்பார்த்து நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறினார். அவன் நம்பாது, அங்ஙனமாயின் இன்னுமொன்று தருக என்றான். அம்மையார் மீட்டும் வேண்டினார்; கனி வந்தது. அதனை அவன் கையில் ஏற்றவுடன் அது மறைந்துபோயிற்று. அவனுக்குத் தீராத அச்சம் உண்டாயிற்று. தன் மனைவியை மனைவியென்று கருத அவன் மனம் அன்றுமுதல் இசையவில்லை. ஒருவர்க்கும் காரணஞ் சொல்லாமல், மனையிலிருந்தும் உறவின்றி ஒழுகினான்.

அம்மையார் அடைந்த துன்பத்துக்கு அவர் சொன்ன மெய்யும், அதனைத் தாங்கமாட்டாத கணவனது அச்சமும் காரணங்களாயின. பிழையொன்றுஞ் செய்யாதார்க்கும் பிறருடைய அச்சத்தினால் இடர் வருதல் உண்டு. சேக்கிழார் பெருமான் பரமதத்தனைக் கொடியவனாகக் காட்டவில்லை. அம்மையாரைக் குற்றமுடையராகவுங் காட்டவில்லை. அந்நடுநிலையை நாமும் வகுப்பிலே காத்தல் வேண்டும்.

கடலுக்கப்பால்

பின்பு பரமதத்தன் மரக்கலமேறிப் பிறநாடு சென்றான். பெரும்பொருள் ஈட்டி மீண்டவன் காரைக்காலை அடையாது, பாண்டிநாட்டிலே ஒரு பட்டினத்தில் தங்கி, வணிகனொருவனது மகளை மணந்துகொண்டான். முன்னை வாழ்வை மனத்தினுள்ளே மறைத்து வைத்தான். அவனுக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. தான் தெய்வமென்று அஞ்சியகன்ற மனைவியின் திருநாமத்தையே அம்மகவுக்கு இட்டு வளர்த்தான்.

இங்கே காரைக்காலிலே புனிதவதியார் கணவன் வருவானென்று இல்லறத்தைக் காத்திருந்தார். கப்பலுக்காகக் காத்திருத்தல் இன்னதென்று திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டுவதில்லை. கடலுக்குச் சென்றவர் மீளாத இல்லங்களும், போர்க்காலத்திலே புறப்பட்டவர் திரும்பாத இல்லங்களும், 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் தேதி கடல் பொங்கியெழுந்தபோது குடும்பத்தை இழந்த இல்லங்களும் நம்மூர்க் கரையோரத்தில் உண்டு. நமது வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளிற் சிலர் அவ்வில்லங்களிலிருந்தே வருகின்றனர். இச்சரித்திரத்தைச் சொல்லும்போது அவர்கள் செவியும் அங்கே இருக்கின்றதென்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

பரமதத்தன் இருக்குமிடம் தெரிந்தபின் சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையிலேற்றி அவ்வூர்ப்புறத்துக்குக் கொண்டுசென்றனர். செய்தி கேட்ட பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து, அவர்தம் அருளினாலே தான் வாழ்வதாகக் கூறி அவர் பாதத்தில் வீழ்ந்தான். அம்மையார் அஞ்சி ஒதுங்கிச் சுற்றத்தார் பக்கத்தில் நின்றார். மனைவியை வணங்குதல் என்னையென்று சுற்றத்தார் வினாவ, அவர் மானுடரல்லர் என்றும், தான் அதனைக் கண்டறிந்தமையாலேயே அகன்றதென்றும், மகளுக்கு அவர் பெயரை இட்டதும் அதுபற்றியேயென்றும் அவன் விடையிறுத்தான். மனைவியென்னும் நிலை அக்கணத்திலே அம்மையாரை விட்டு நீங்கிற்று. தாயாகும் பேறு வேறொருத்திக்கு உரியதாயிற்று. அவர் பெயரைக்கூட இப்பொழுது ஒரு சிறுபெண் தாங்கிநின்றாள்.

பேய்வடிவம்

அந்நிலையிலே அம்மையார் அழவில்லை; வாதாடவுமில்லை. கணவன்பொருட்டுச் சுமந்த அழகு இனி வேண்டா என்று எண்ணி, உடம்பின் தசைப்பொதியைக் கழித்துத் தமது திருவடியைச் சூழும் பேய்வடிவைத் தருமாறு பெருமானை வேண்டினார். வேண்டியவாறே தசையெல்லாம் உதிர, எலும்புருவாய் நின்றார். சுற்றத்தார் அஞ்சி வணங்கி அகன்றனர்.

இதனைக் கேட்கும் இளம்பெண்கள் திடுக்கிடுவர், திடுக்கிடுதல் இயல்பே. உடம்பை வெறுத்தல் சைவத்தின் துணிபென்று இதனாற் கொள்ளற்க. உடம்பைப் பிறருடைய உடைமையாகக் கருதி அதனைப் பேணிவந்த ஒருவர், அவ்வுரிமை ஒழிந்தபின், தாம் யாவர் என்பதைத் தாமே தெரிந்துகொண்டார் என்பதே இதன் தாற்பரியம். பேய் என்பது பிறர் அவர்மீது எறிந்த பழிச்சொல் அன்று. அவரே தம்மைக் காரைக்காற் பேய் என்று பதிகங்களின் முடிவிலே பெயரிட்டுக்கொண்டார். சிவகணத்துள் தாமும் ஒருவர் என்னும் பெருமிதம் அப்பெயரில் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனாரும் திருத்தொண்டத்தொகையிலே பேயார் என்றே அவரைக் குறித்தார். தந்தை இட்ட பெயர் பரமதத்தன் மகளிடம் போயிற்று; தாமே தேடிக்கொண்ட பெயர் திருமுறையில் நின்றது.

பாடிய நூல்கள்

அம்மையார் அருளிய பாடல்கள் பதினோராந் திருமுறையிலே உள்ளன. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களையுடையது. திருவிரட்டை மணிமாலை கட்டளைக் கலித்துறையும் வெண்பாவும் மாறிமாறி வர 20 பாடல்களையுடையது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 11 பாடல்களையுடையது. ஆக 143 பாடல்கள். தேவாரப் பதிகங்களுக்கு முற்பட்டமையின் மூத்த திருப்பதிகம் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இப்பாடல்கள் முழுவதிலும் மாங்கனியைப்பற்றியோ கணவனைப்பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. வாழ்க்கைச் சரித்திரத்தை நாம் அறிவது, அம்மையாருக்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் பின்னர், இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்திலே சேக்கிழார் செய்த திருத்தொண்டர் புராணத்தினாலேயாம். ஆறுமுகநாவலரவர்கள் 1852 ஆம் ஆண்டிலே அதனை வசனமாக்கி வெளியிட்டபின்பே அச்சரித்திரம் சிறுவர் கைக்கும் எட்டிற்று. புராணம் பிறர் சொல்லும் வரலாறு. பாடல்கள் அம்மையாரின் சொந்தக் குரல். ஒன்றைக் கற்பித்து மற்றொன்றை விட்டுவிடுதல், ஒருவரைப்பற்றி ஊரார் கூறுவதைக் கேட்டு அவரை மாத்திரம் பேசவிடாமைபோலாம்.

அந்தாதியென்பது ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவது. இறுதிப் பாட்டின் முடிவு முதற்பாட்டைச் சென்று பொருந்தும். இல்வாழ்வு முடிந்த அவ்விடத்திலேயே தம் வாழ்வைத் தொடங்கிய அம்மையாருக்கு இதனினும் பொருத்தமான யாப்பு யாதுளது? தொடக்கத்திலே, பேசப் பழகிய நாள்முதல் அன்புசெய்த தமது துன்பத்தை எப்போது தீர்ப்பீரென்று இறைவனைக் கேட்கின்றார். அடுத்தே, அவர் தீர்த்திலரேனும், இரங்கிலரேனும், தமது நெஞ்சத்து அன்பு மாறாதென்று உறுதிசெய்கின்றார். துன்பத்தை மறைக்காமற் சொல்லுதல் முதற்படி. துன்பம் தீர்ந்தாலன்றி வாழேன் என்னாமை இரண்டாம்படி. நோயுற்ற மனம் தேறும் வழியை இவ்விரண்டு வெண்பாக்களிலேயே காணலாம்.

புராணக்கதைகளை அவர் கையாளும் முறையும் நோக்கத்தக்கது. ஆலகாலம், திரிபுரம், கங்கை, பிறைமதி என்பன யாவரும் அறிந்தவை. அம்மையார் அவற்றை வீட்டுவாயிலில் நிற்கும் ஒரு பெண்ணின் கண்ணாற் காண்கின்றார். பிச்சைக்குச் செல்லும் பெருமான் பாம்பை விட்டுவிட்டுச் செல்லவேண்டும். அதனைக் கண்டால் மகளிர் அஞ்சிப் பிச்சையிட வாரார் என்று அவருக்கே புத்தி கூறுகின்றார். அப்பாம்பு ஊர்ந்து ஒருநாள் உமையம்மையைச் சார்ந்தால் என் செய்வது என்றும் கவலைகொள்கின்றார். அடியார்க்கு அன்னமிட்ட கையையுடையவரல்லரோ! பிச்சையேற்பவர் பக்கத்தை மாத்திரமன்றிப் பிச்சையிடும் பெண்ணின் பக்கத்தையும் அவர் அறிவார். நஞ்சுண்டு கறுத்த கண்டத்தையும், செம்மேனியையும், வெண்ணீற்றையும், சடையையும் ஒரு நாளின் பொழுதுகளாகக் கண்டு, கண்டத்தை இரவென்கின்றார். நஞ்சு உள்ளே போய்க் கொல்லாமலும் வெளியே வந்து பிறரைக் கொல்லாமலும் கண்டத்திலே நின்றது என்பது பழங்கதை. உற்ற துயரைத் தம்முள் நிறுத்திப் பாட்டாக்கிய அம்மையாருக்கு அக்கதை எத்துணை அணுக்கமானது என்பதைப் படிப்பவர் உணர்வர்.

திருவாலங்காட்டுப் பதிகம்

அம்மையார் கயிலையை அடைந்தபோது, அம்மலையைக் காலினால் மிதித்தற்கு அஞ்சித் தலையினால் நடந்தார். உமாதேவியார் அதிசயித்து வினாவ, தாயில்லாத பெருமான் இவர் நம்மைப் பேணும் தாயென அறிவித்து, அம்மையென்று அவரை விளித்தார். அவர் அப்பனென்று வணங்கினார். பிறவாமை வேண்டும், பிறப்பு உண்டாயின் மறவாமை வேண்டும், ஆடும்பொழுது அடியின்கீழ் இருந்து பாடவேண்டும் என்பன அவர் விரும்பியவை. இறைவன் திருவாலங்காட்டிலே தமது ஆடலைக் காட்டுவதாக அருள, அங்கே தலையினால் நடந்து சென்று, திருவடிக்கீழ் அமர்ந்து பாடினார்.

ஆலங்காடு, காளியோடு பெருமான் ஆடல்புரிந்து ஊர்த்துவ தாண்டவத்தால் வென்ற தலம். ஐம்பெருஞ் சபைகளுள் இரத்தினசபை. நமதூரிலே பத்திரகாளியம்மை சந்நிதியில் வணங்கும் பிள்ளைகளுக்கு இக்கதை எளிதில் விளங்கும். பதிகத்திலே அம்மையார் காட்டுவது சுடுகாடு. கள்ளியும் நரியும் ஆந்தையும் எரியும் நிறைந்த இடம். அங்கே உடல் வற்றிய பேய்மகள் ஒருத்தி கொள்ளிக்கரியை மசித்துக் கண்ணுக்கு மையிடுகின்றாள். மற்றொருத்தி தன் பிள்ளைக்குக் காளியென்று பெயரிட்டு, புழுதி துடைத்து, பாலூட்டி வைத்து அகல்கின்றாள். தாயைக் காணாத அப்பிள்ளை அழுதழுது உறங்கிவிடுகின்றது. பேய்களைப் பாடியவர் பலருண்டு. சுடுகாட்டிலே தாய்மையைக் கண்டவர் இவரொருவரே என்று துணியலாம். தமது பெயரைப் பிறள் மகவுக்கு இட்டதைக் கண்டு மீண்டவர், பேயின் மகவுக்குப் பேரிட்ட செய்தியைப் பரிவோடு பாடினார். மகப்பேறில்லாத இவரை இறைவனே அம்மையென்று அழைத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும்.

இரண்டு பதிகங்களும் பண்ணோடு பாடப்படுவன: ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். துத்தம் கைக்கிளை முதலிய பழந்தமிழ்ச் சுரப்பெயர்களும், இசைக்கருவிகளின் பெயர்களும் அவற்றிலே வருகின்றன. திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணிபுரிந்த சுவாமி விபுலாநந்தர் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்நூல் ஆராய்வது இத்தகைய பண்டைத் தமிழிசை மரபையே. இசையாசிரியர்கள் இதனையும் கவனித்தல் நன்று.

கடல்கடந்த புகழ்

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார், அம்மையார் தலையினால் நடந்த ஆலங்காட்டை மிதித்தற்கு அஞ்சி, அருகேயுள்ள பழையனூரிலே தங்கினார் என்பது புராணம். நமது கோணமாமலையைப் பாடிய திருவாயினரே அங்ஙனம் அஞ்சினாரென்பது அம்மையாரின் பெருமைக்குச் சான்று. அறுபத்துமூவர் வரிசையிலே ஏனையோர் நின்றிருக்க, இவர்மாத்திரம் அமர்ந்த திருக்கோலத்தினர். கங்கைகொண்ட சோழபுரத்திலே ஆடவல்லானின் அடியருகே தாளமேந்தி வீற்றிருக்கின்றார். கி. பி. 967 ஆம் ஆண்டிலே பிரதிட்டை செய்யப்பெற்ற கம்போச தேசத்துப் பந்தியாய் சிறீக் கோயிலிலும், ஆடும் பெருமானின் அருகே மெலிந்த மாதொருவர் காணப்படுகின்றார். ஆராய்ச்சியாளர் அவரை அம்மையார் என்றே கொள்ளுவர். நம் நாட்டிலே, பொலன்னறுவைச் சிவாலயமொன்றிலிருந்து எடுக்கப்பெற்ற அம்மையாரின் செப்புத்திருமேனி கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. எலும்பெழுந்த மேனியும், கையில் தாளமும், முகத்தில் அமைதியுமுடைய அத்திருவுருவை மாணாக்கருக்குக் காட்டாத ஆசிரியர் காட்டுவாராக. பரமதத்தன் ஏறிய மரக்கலம் அம்மையாரை விட்டுச் சென்றது. பின்னைய மரக்கலங்கள் அவர் திருவுருவையும் பாட்டையும் கடல்தோறும் கொண்டுசென்றன.

காரைக்காலிலே ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. அடியார்கள் கனிகளை வாரியிறைப்பர். குருபூசை பங்குனிச் சுவாதியிலே.

ஆசிரியர்காள்! இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். குற்றமில்லாதார்க்குத் துன்பம் ஏன் வருகின்றதென்பதை வினைநூல் கொண்டு விளக்கலாம். ஆயினும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அவ்விளக்கம் மாத்திரம் போதாது. அவளுக்கு அம்மையாரின் குரலைக் கேட்பித்தல் வேண்டும். கைவிடப்பட்டவர் கைவிடப்பட்டவராகவே இருந்து மடியவில்லை. கணவன் வைத்த அச்சத்தை ஏலாது, சுற்றத்தார் வைத்த இரக்கத்தை ஏலாது, தாம் தெரிந்த பெயரோடும் தாம் தெரிந்த வடிவோடும் தாளத்தைக் கையிலெடுத்துப் பாடினார். துன்பம் வந்ததற்குப் பொறுப்பு அவருடையதன்று. அதன்பின் செய்தது முழுவதும் அவருடையது. இவ்வாறு சொன்னால் அம்மாணவி ஏற்பாளென்று நம்புகின்றேன்.

அவள் பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டாள். ஆயினும் அவ்வினாவை உள்ளத்தில் வைத்துக்கொண்டு வாய்திறவாதிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பர். வருகின்ற பங்குனிச் சுவாதியிலே மாங்கனிக் கதையோடு நில்லாது, அற்புதத் திருவந்தாதியின் முதற்பத்து வெண்பாக்களையேனும் அவர்களைக்கொண்டு ஓதுவித்துப் பொருள் உரைப்பீராக. விடையை அம்மையாரே அவர்களுக்குச் சொல்லுவார்.

திருச்சிற்றம்பலம்.